வலது மூக்கு

அமல்ராஜுக்கு உலகத்தில் எல்லாமே பைப்தான். வயிறு வலித்தால் பைப்பில் அடைப்பு. மகளுக்கு மூக்கு ஒழுகினால் வாஷர் போய்விட்டது. மும்பை ரோட்டில் லாரிகள் வரிசைகட்டி நின்றால் ஸ்கூட்டரை ஆஃப் செய்துவிட்டு, "முன்னாடி எவனோ லைனைச் சின்னதாக்கிட்டாம்லா" என்பான். பூனா பக்கம் கட்கியில் ராணுவத் தொழிற்சாலையின் பாய்லர் ஹவுசில் பைப் ஃபிட்டராகவே தலை நரைத்தவன் வேறு எப்படிப் பேசுவான்?

அவனைக் கட்டிக்கொண்ட ஜோசபினுக்கோ எல்லாமே காற்று. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து ஹடப்சரில் கிளைடர் ஓட்டப் பழகியவள். எஞ்சின் இல்லாத விமானம் அது. கம்பியில் கட்டி இழுத்து மேலே விடுவார்கள். கொக்கியைக் கழற்றிவிட்டால் அப்புறம் நீயாயிற்று, காற்றாயிற்று. கல்யாணம், கணக்கு டீச்சர் வேலை, மகள் எஸ்தர் என்று நடுவில் வருடங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் துணி காயப்போடப் போனால் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பாள். எஸ்தர் ஹாஸ்டலுக்குப் போன கையோடு, நாற்பத்தைந்து வயதில் மறுபடி ஹடப்சருக்குப் போனாள். அங்கிருந்து ஒரு ஃப்ளையிங் கிளப்புக்குப் போய், எஞ்சின் விமானம் ஓட்டும் லைசென்சையும் வாங்கிக்கொண்டு வீட்டில் வந்து நின்றாள்.

"ஏங்க, நமக்குன்னு ஒரு பிளேன் கட்டுவோமா?"

வேறு புருஷனாக இருந்தால் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பான். அமல்ராஜ் கேட்டது ஒரே கேள்விதான். "எஞ்சின்னா பைப்பு இருக்கும்லா?"

"நெறையவே இருக்கும்."

"அப்ப சரி."

அப்படி ஆரம்பித்ததுதான். வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்களுக்கென்று வெளிநாட்டில் வரைபடம் விற்கிறார்கள், அதை வரவழைத்தார்கள். எஸ்தரின் அறையில் ஓர் இறக்கை, ஹாலில் ஓர் இறக்கை, கட்டிலுக்கு அடியில் வால். லீவுக்கு வந்த எஸ்தர், "மம்மி, மைன் கஹாம் சோவும்?" என்று, தான் எங்கே படுப்பது என்பதை இந்தியில் கேட்டாள். "வால் பக்கத்துல எடம் இருக்குட்டி" என்று அப்பாக்காரன் பாயை விரித்துக் கொடுத்தான்.

எஞ்சின் வந்தது ஷார்ஜாவிலிருந்து. ஆகுர்டியில் ஹைட்ராலிக் ஹோஸ் கடை வைத்திருக்கும் லியாகத் அலி, அமல்ராஜுக்குப் பழைய சிநேகிதர். கீழக்கரைக்காரர். அவருடைய மச்சினன் தமீம் அன்சாரி அங்கே பழைய கார்களைப் பிரித்து விற்கும் சந்தையில் இருந்தான். அவன்தான் ஒரு ஜப்பான் காரின் ரோட்டரி எஞ்சினைப் பெட்டி கட்டிக் கப்பலில் அனுப்பினான். கூடவே அதே காரிலிருந்து கழற்றிய ஆயில் கூலர் இரண்டு.

இந்த ரோட்டரி எஞ்சின் ஒரு தனிப் பிறவி. பிஸ்டன் கிடையாது, மேலும் கீழும் குத்துகிற வேலையே கிடையாது. கொழுக்கட்டை மாதிரி முக்கோணமாக ஒரு துண்டு, ஓர் அறைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். சின்னது, பலசாலி, அதிர்வும் குறைவு. ஆனால் சூட்டில் பெரிய பங்கைத் தண்ணீரிடம் கொடுக்காமல் எண்ணெயிடம் கொடுத்துவிடும். ஆகவே எண்ணெயை வெளியே கொண்டுவந்து, காற்றடிக்கிற கூலருக்குள் ஓடவிட்டு, ஆறவைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் எஞ்சின் போய்விடும், அவ்வளவுதான்.

"எண்ணெய் ஓடுத பைப்பெல்லாம் உங்க பாடு, காத்து போற வழியெல்லாம் என் பாடு" என்று ஜோசபின் ஆரம்பத்திலேயே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். "என் பக்கம் நீங்க தலையிடக்கூடாது, உங்க பக்கம் நான் வரமாட்டேன்." அமல்ராஜுக்கு வாயெல்லாம் பல். பைப்பில் பொண்டாட்டி தலையிடாத வீடு அமைவது லேசா?

விமானத்தின் முகத்தில், சுற்றும் விசிறிக்குப் பின்னால், இரண்டு கன்னத்திலும் ஒவ்வொரு கூலரை வைத்தார்கள். காற்று உள்ளே போக முன்பக்கம் இரண்டு ஓட்டை. அந்த வழவழப்பான உருண்டை வாய்களை ஜோசபின் தன் கையாலேயே ஃபைபர் கிளாசில் வார்த்து, தேய்த்து, பெயிண்ட் அடித்தாள். தளேகாவுக்கு அப்பால் ஒரு சர்க்கரை ஆலைக்காரருக்குச் சொந்தமாகப் புல் ஓடுதளம் இருந்தது. விமானம் அங்கே ஒரு தகரக் கொட்டகையில்தான் ஒட்டுமொத்தமாக உருவானது. கொட்டகைக்குக் காவலாள் தாமலே காகா, மாவள் பக்கத்து மராட்டியர். அந்த இரண்டு ஓட்டைகளையும் பார்த்து, "நாக்!" என்றார். அன்றிலிருந்து அவை இடது மூக்கு, வலது மூக்கு ஆகிவிட்டன.

விமானத்தில் இரண்டு சீட். வரைபடத்தில் ஒற்றை சீட் மாடலும் இருந்தது. அது சுலபம், செலவும் குறைவு. ஜோசபின்தான் இரண்டு சீட் என்று பிடிவாதம் பிடித்தாள்.

"ரெண்டாவது சீட்டு எதுக்குட்டி?"

"சமோசா வைக்க."

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அமல்ராஜ் உயரம் என்றால் நடுங்குகிறவன். கட்கி ஜத்ராத் திருவிழாவில் ராட்டினத்தில் ஏறி, இறங்கியதும் தரையைத் தொட்டுக் கும்பிட்டவன். மும்பைக்கு ரயிலில் போனால் கண்டாலா மலையில் ஜன்னல் ஓரத்திலிருந்து எழுந்து நடுவில் போய் உட்கார்ந்துகொள்வான். விமானத்தை நட்டு நட்டாகக் கட்டுவானாம், ஏறமாட்டானாம். "நான் தரையில நிக்குத மனுசன். நீ பறந்து வா, நான் கீழ நின்னு பாக்கேன்" என்பான். அவளுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். ஒரே ஒரு தடவையாவது அந்த ஆளைப் பக்கத்தில் உட்காரவைத்து மேலே கொண்டுபோய், இத்தனை வருடமாக எதற்காக ஏங்கினாள் என்று அவன் கண்ணாலேயே பார்க்கச்செய்ய வேண்டும்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம் மழைக்காலத்தில் விமானம் முடிந்தது, வாங்க வேண்டிய அனுமதிகளும் வந்தன. அதே சமயத்தில் இன்னொரு செய்தியும் வந்தது. ஆலைக்காரரின் பிள்ளைகள் அந்த நிலத்தை பிளாட் போட்டு விற்கப் போகிறார்கள். தீபாவளி முடிந்ததும் ஓடுதளத்தில் ஜேசிபி இறங்கும். அதற்குள் பறந்தால் பறந்ததுதான். இல்லையென்றால் இறக்கைகளைக் கழற்றி மறுபடி எஸ்தர் அறைக்கே கொண்டுபோக வேண்டியதுதான். அக்கம்பக்கத்தில் வேறு ஓடுதளமே கிடையாது.

"போதும், தாராளமா நேரம் இருக்கு" என்று ஜோசபின் சொன்னாள். சொல்லி முடிக்கவில்லை, வந்தது வினை.

எஞ்சினைக் கிளப்பினார்கள். ஆஹா, என்ன சத்தம்! வண்டு ரீங்காரம் மாதிரி ஆரம்பித்து, காட்டமாக ஏறி, கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது. தாமலே காகா தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார். லியாகத் அலி, "மாஷா அல்லாஹ்!" என்று கத்தினார். ஆனால் முழு வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடியதும் எண்ணெய்ச் சூடு காட்டும் ஊசி நகர்ந்து நகர்ந்து சிவப்புக் கோட்டில் போய் நின்றுகொண்டது. ஜோசபின் அணைத்துவிட்டாள். ஆறவிட்டு மறுபடி கிளப்பினாள். மறுபடியும் சிவப்பு.

அமல்ராஜ் கூலர்களைத் தொட்டுப் பார்த்தான். இடது கூலருக்குள் சுடச்சுடப் போன எண்ணெய் வெதுவெதுப்பாக வெளியே வந்தது. வலது கூலருக்குள் எப்படிப் போனதோ அப்படியே வந்தது. "இதுக்குள்ள என்னமோ அடைச்சிருக்கு" என்றான்.

அவ்வளவுதான், இரண்டு பைப் மனிதர்களும் களத்தில் இறங்கிவிட்டார்கள். முதலில் கூலரைக் கழற்றி மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார்கள். பளிங்காக இருந்தது. சரி, இடது கூலர் முடிந்து வலது கூலர் என்று எண்ணெய் வரிசையாகப் போவதுதான் தப்பு, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பிரித்துவிடுவோம் என்று, கவட்டை மாதிரி ஒரு ஜாயிண்ட் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். சிவப்பு. உள்ளே காற்றுக் குமிழி நிற்கிறது என்று கூலரைத் தலைகீழாகத் திருப்பி, வாய் மேலே பார்க்கும்படி வைத்தார்கள். சிவப்பு. மூலையில் மடங்குகிற எல்போ சின்னது என்று வளைவான பைப் போட்டார்கள். அப்போதும் சிவப்பு. லியாகத் அலி ஒவ்வொரு ஞாயிறும் ஆகுர்டியிலிருந்து லோக்கல் ரயிலில் ஒரு மூட்டை ஹோஸ் பைப்போடு வந்து இறங்குவார். ரயிலில் ஒருவர், "பாய்சாப், பாம்பு பிடிக்கிற ஆளா?" என்று கேட்டாராம்.

கடைசியில் லியாகத் அலி ஒரு தத்துவம் கண்டுபிடித்தார். தளேகாவ் ஸ்டேஷனுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தபோது சாசரைத் தூக்கிக் காட்டினார். "தங்கச்சி, கப்புல கொதிக்கிற டீ சாசர்ல ஊத்துனா ஏன் ஆறுது? நிக்குது, அதனால ஆறுது. நம்ம எண்ணெய் நிக்காம ஓடுது. ஓடுற வேகத்துல அதுக்கு ஆறுறதுக்கு நேரமே இல்ல. வேகத்தைக் கொறைக்கணும்!" என்று சொல்லிவிட்டு, சாசரில் ஊஃப் ஊஃப் என்று ஊதிக் குடித்தார்.

"அண்ணன் சொல்லுததுதான் சரி" என்று அமல்ராஜ் துள்ளினான். வலது பைப்பில் சின்னத் துளை போட்ட ஒரு வில்லையைச் செருகி எண்ணெயை மெதுவாக விட்டார்கள். ஊசி முன்னைவிடச் சீக்கிரமாகச் சிவப்புக்குப் போனது. ஜோசபின் காக்பிட்டுக்குள்ளேயே விலா வலிக்கச் சிரித்தாள். இரண்டு ஆண்கள் முகத்திலும் ஈயாடவில்லை.

"சிரிக்காதட்டி" என்று அமல்ராஜ் பொருமினான். "காத்து சரியாத்தான் போவுதான்னு நீ பாத்தியா?"

"என் பக்கம் தலையிடக்கூடாதுன்னு பேச்சு. இந்தக் கைதான் ஹடப்சர்ல காத்தைப் பிடிச்சுக்கிட்டே மேல ஏறுன கை. என் காத்துல தப்பு இருக்காது."

"பைப்புல தப்பு இருக்காது."

"பந்தயமா?"

"பந்தயம்!"

ஜோசபின் காக்பிட்டிலிருந்து இறங்கினாள். இப்படி ஒரு வாய்ப்புக்காகத்தான் அவள் காத்திருந்தாள். "தப்பு பைப்புல இருந்துச்சுன்னா நீங்க அந்த ரெண்டாவது சீட்டுல ஏறி என்கூட வரணும்."

அமல்ராஜ் அந்த சீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தான். அவள் கவனித்தாள். "காத்துல இருந்துச்சுன்னா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஏறவே வேண்டாம். இந்த ஜென்மத்துல உங்கள வாங்கன்னு கூப்பிட மாட்டேன்."

"அண்ணே, நீங்க சாட்சி" என்று அவன் கிரீஸ் கையை நீட்டினான். அவள் பிடித்துக் குலுக்கினாள். லியாகத் அலி வானத்தைப் பார்த்தார். புருஷன் பொண்டாட்டி சண்டையில் சாட்சியாக நிற்பதற்கு அவருக்கு என்ன, பைத்தியமா? ஆனாலும் தலையாட்டி வைத்தார்.

அப்புறமும் ஹோஸை மாற்றினார்கள், எண்ணெயை மாற்றினார்கள், சூடு காட்டும் மீட்டரையே மாற்றினார்கள். ஊசிக்கு மட்டும் மனம் மாறவில்லை. தசரா வந்துவிட்டது. ஜோசபினுக்கு உள்ளுக்குள் உதைப்பு எடுக்க ஆரம்பித்தது. விமானம் கிளம்பாவிட்டால் பந்தயமும் இல்லை, பக்கத்து சீட்டும் இல்லை. யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் சப்பாத்தியைக் கருக்கினாள்.

பூனாவில் தசரா என்றால் ஊரே மஞ்சளும் காவியும்தான். செண்டுமல்லி, அந்த ஊரில் ஜேண்டு என்பார்கள். ஸ்கூட்டர், ரிக்ஷா, பஸ், தையல் மிஷின், தராசு, ஓடுகிறது சுற்றுகிறது எல்லாவற்றுக்கும் மாலை விழும். தாமலே காகா காலையிலேயே குளித்துவிட்டு, ஒரு கூடை ஜேண்டு மாலையோடு காத்திருந்தார். கிணற்று மோட்டாருக்கு ஒன்று, டிராக்டருக்கு ஒன்று. விமானத்துக்கு மட்டும் ஆளுயர மாலை. விசிறியைச் சுற்றிப் போட்டு, மூக்கு இரண்டிலும் கைநிறையப் பூவைத் திணித்து, நெற்றியில் குங்குமம் இட்டுத் தேங்காய் உடைத்தார்.

அமல்ராஜ் சிலுவை போட்டுக்கொண்டான். லியாகத் அலி, மனைவி சைனபு கொடுத்துவிட்ட தம்ரூட் இனிப்பு டப்பாவைத் திறந்து எல்லாருக்கும் நீட்டினார். பேருக்கு ஒரு துண்டு வாயில் போட்ட ஜோசபின், விமானத்தின் முகத்தைப் பார்த்து விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

"காகா! காகா! எஞ்சின் ஸ்டார்ட் பண்ணணும், ஹார் நிகாலோ!"

"தசரா ஆஹே, வஹினி!" என்றார் காகா. தசரா அன்றைக்கு, அண்ணி ஸ்தானத்தில் இருக்கிறவள் வண்டியிலிருந்து மாலையைக் கழற்றச் சொல்கிறாளே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. விசிறியில் சிக்கினால் என்ன ஆகும் என்று அவள் கையை ஆட்டி ஆட்டிக் காட்டிய பிறகு, முனகிக்கொண்டே மாலையைக் கழற்றினார், மூக்கிலிருந்து பூவையும் எடுத்தார். ஆனால் அவள் காக்பிட்டில் ஏறி பெல்ட் போட்டுக்கொண்டிருந்தபோது, மனசு கேட்காமல் இரண்டு மாலையை உதிர்த்து, இதழ் இதழாக மூக்குகளுக்குள்ளும் மேலேயும் வாரி இறைத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொண்டார். உதிரிப் பூ ஒன்றும் செய்யாது என்று ஜோசபினும் விட்டுவிட்டாள்.

கிளப்பினாள். மேலே கிடந்த இதழெல்லாம் ஒரே வீச்சில் வால் பக்கம் பறந்தது. இடது மூக்கு தன் பங்கை உள்ளே விழுங்கியது. ஜோசபின் வழக்கம்போல ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி வழக்கம்போல ஏறிக்கொண்டிருந்தது.

அப்போது முன்பக்கத்திலிருந்து ஓர் இதழ் வந்து கண்ணாடியில் ஒட்டியது. மெதுவாக வழுக்கிக் கீழே இறங்கியது. கண்ணாடிக்கு அடியில், வலது பக்கம், நீளமாக ஒரு பிளவு உண்டு. அந்தப் பிளவின் விளிம்பில் வந்து ஒரு நொடி துடித்தது. சட்டென்று உள்ளே போய்விட்டது.

ஜோசபின் கண்ணைச் சிமிட்டினாள். இன்னொரு இதழ் வந்தது. அதுவும் வழுக்கி, பிளவில் துடித்து, உள்ளே போனது. மூன்றாவதும் அப்படியே. வெளியே தாமலே காகா வலது மூக்கைக் காட்டி, அது பூவைத் துப்புகிறது, துப்புகிறது என்று மராட்டியில் கூவிக்கொண்டிருந்தார். காகா வலது மூக்குக்குள் போட்ட இதழெல்லாம் அதன் வழியாகவே வெளியே வந்து, விசிறிக் காற்றில் அடிபட்டு, கண்ணாடியில் மோதி, பிளவுக்குள் போய்க்கொண்டிருந்தது. கோயிலைச் சுற்றிவந்து பின்வாசலில் நுழைகிற மாதிரி.

அந்தப் பிளவு காற்று வெளியேற வேண்டிய வழி. ஜோசபின் தானே வைத்தது. வலது பக்கம் அடியில் புகைக் குழாய் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால், கூலரைக் கடந்து வரும் வெந்த காற்றை மேலே திருப்பி, கண்ணாடிக்குக் கீழே விட்டிருந்தாள். மழைக்காலத்தில் ஹடப்சரில் கிளைடர் கண்ணாடி வேர்த்துப்போய், முன்னால் ஒன்றும் தெரியாமல் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து இறங்கியவள் அல்லவா? அந்தச் சூட்டுக் காற்று கண்ணாடியில் பட்டால் வேர்க்காது என்று ஒரு புத்திசாலித்தனம். கிளைடருக்கு முகத்தில் விசிறி இல்லை. இதற்கு உண்டு. விசிறி தள்ளும் காற்று கண்ணாடியில் மோதி, அங்கேயே குவிந்து, அழுத்தி, வெளியேறும் வழியாலேயே உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. முன்னாலிருந்தும் காற்று, பின்னாலிருந்தும் காற்று. இரண்டும் மல்லுக்கட்டியதில் வலது கூலருக்குப் பேருக்குத்தான் காற்று கிடைத்தது, அதுவும் தலைகீழாக.

எஞ்சினை அணைத்தாள். காக்பிட் மூடியைத் திறந்தாள். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"என்னட்டி ஆச்சு?" அமல்ராஜ் ஓடி வந்தான்.

"தப்பு என்னோடதுங்க! உங்க பைப்புல ஒரு குத்தமும் இல்ல, தங்கமான பைப்பு! என் காத்துதான் கோளாறு! இங்க பாருங்க, வெளிய போற வாயி உள்ள இழுக்குது!" பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் கத்தினாள். "லியாகத் அண்ணே! சாசர்ல டீ நிக்கிறதால ஆறல அண்ணே, நீங்க ஊதுறீங்கல்லா, அதனால ஆறுது! நம்ம வலது கூலரை ஊதத்தான் ஆளில்ல!"

லியாகத் அலி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "யா அல்லாஹ், எத்தனை ஹோஸு! நான் எத்தனை ஹோஸைத் தூக்கிட்டு வந்தேன்!" தாமலே காகாவுக்கு விஷயம் புரியவில்லை, ஆனாலும் மாலைதான் காரணம் என்று மட்டும் புரிந்தது. போதாதா, மார்பை நிமிர்த்திக்கொண்டார். தசரா அன்று பூனாக்காரர்கள் பொன் என்று சொல்லிக் கொடுக்கும் ஆப்டா இலையை எல்லார் கையிலும் திணித்தார்.

ஆளுக்காள் சிரித்து ஓய்ந்தபோதுதான் ஜோசபினுக்குப் பந்தயம் ஞாபகம் வந்தது. அமல்ராஜைப் பார்த்தாள். அவன் இரண்டாவது சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பார்ப்பது தெரிந்ததும் குனிந்து தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்தான்.

"ஜெயிச்சிட்டீங்க" என்றாள். "சொன்னா சொன்னதுதான். ஏற வேண்டாம்."

"ம்" என்றான். ஸ்பேனரைத் துடைத்து வைத்தான். ஜோசபினுக்கு விமானம் பிழைத்துவிட்ட சந்தோஷம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அந்தக் காலி சீட்டு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமோ, பைப் என்றே நம்ப விட்டிருக்கலாமோ என்றுகூட ஒரு நினைப்பு வந்து போனது. சீ, என்று அவளே அதை விரட்டினாள்.

வேலை மளமளவென்று நடந்தது. மேலே இருந்த பிளவை அடைத்தார்கள். காற்று அடிவழியாகப் போக வேண்டும் என்றால் புகைக் குழாய் விலக வேண்டும். அது பைப் விவகாரம், அமல்ராஜ் பொறுப்பு. ஒரே வாரத்தில் அழகாக வளைத்து வெல்டு வைத்து ஓரங்கட்டினான். கடலை எண்ணெய் டின்னை வெட்டி, அடியில் ஓர் உதடு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்துப் பார்த்தாள் ஜோசபின். அந்த உதடு காற்றை வெளியே உறிஞ்சி இழுத்தது. முழு வேகத்தில் ஓடவிட்டார்கள். ஊசி ஏறியது, ஏறியது, பச்சையில் நின்றது. நின்றது நின்றதுதான். லியாகத் அலி ஒரு டீ குடித்து முடித்தார், இன்னொரு டீயும் குடித்தார். ஊசி அசையவில்லை.

சோதனைப் பறப்பையெல்லாம் ஜோசபின் தனியாகவே முடித்தாள். முதல் தடவை சக்கரம் புல்லை விட்டு எழும்பியபோது அவள் கத்திய கத்தல் அவளுக்கு மட்டும்தான் கேட்டது. நல்லவேளை, கணக்கு டீச்சர் அப்படிக் கத்தலாமா? இறங்கி வந்து பார்த்தால், கீழே நின்று பார்ப்பேன் என்று சொன்னவன் கொட்டகைக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தான். "புகை கண்ணுல பட்டுட்டு" என்றான். புகை எங்கே இருந்தது?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. அதுதான் கடைசி. ஓடுதளத்தின் கோடியில் ஜேசிபி ஏற்கனவே வந்து நின்றுகொண்டிருந்தது. பிளாட்டுக்குக் கல் நடும் ஆட்கள் ஓரமாக உட்கார்ந்து வடாபாவ் தின்றபடி வேடிக்கை பார்த்தார்கள். ஜோசபின் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். பக்கத்து சீட்டைப் பார்க்கக்கூடாது என்று நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விமானம் ஒரு பக்கம் சாய்ந்தது. திரும்பினாள். அமல்ராஜ் இறக்கைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தான். கையில் ஸ்பேனர், டார்ச் லைட், துடைக்கிற துணி. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"வலது மூக்கு ஹோஸுல லேசா கசிவு இருக்கும்போல" என்றான் அவளைப் பார்க்காமலே. "தரையில நின்னா தெரியல. மேல போனாத்தான் தெரியும்."

இந்த மனிதன் ஆயுசில் ஒரு பைப்பைக் கசிய விட்டதில்லை. "நான் கூப்பிடல்லியே" என்றாள்.

"நீ எங்க கூப்பிட்ட? நான் கசிவைப் பாக்க வாரேன். எங்க உக்காரணும், இதுலயா?"

"இதுல சமோசால்லா வைக்கணும்?"

"மடியில வச்சுக்கிடுதேன். தள்ளு."

லியாகத் அலி கீழே நின்று உரக்க துவா ஓதினார். தாமலே காகா எங்கிருந்தோ ஒரு ஒற்றை ஜேண்டுப் பூவைக் கொண்டுவந்து அமல்ராஜின் சட்டைப் பையில் செருகினார். ஜோசபின் பெல்ட்டை அவனுக்கு மாட்டிவிட்டாள். அவன் விரலெல்லாம் சில்லென்று இருந்தது. முழு வேகம் கொடுத்தாள். புல் ஓடியது, கொட்டகை ஓடியது, ஜேசிபி நெருங்கி வந்தது. சக்கரங்கள் தரையை விட்டன.

"யேசுவே, யேசுவே, யேசுவே" என்று அமல்ராஜ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தான். வெளியே பார்க்கவில்லை, எண்ணெய் ஊசியைப் பார்த்தான். அதையே பிடித்துக்கொண்டான். "பச்சைதாம்ட்டி. பச்சைதான் இருக்கு. ஆடல."

"ஆடாது. நீங்க போட்ட பைப்பு."

"உன் காத்தும்தான்" என்றான், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மழை முடிந்த மாவள் மலையெல்லாம் கீழே பச்சையாகக் கிடந்தது. இந்திராயணி ஆறு வளைந்து வளைந்து போனது. லோனாவ்லா லோக்கல் ஒன்று தளேகாவ் ஸ்டேஷனில் நுழைந்துகொண்டிருந்தது. ஜோசபின் மெதுவாக, ரொம்ப மெதுவாக, அவன் பக்கம் இறக்கையைச் சாய்த்தாள். "ஒரே ஒரு தடவை வெளிய பாருங்க. எனக்காக."

அவன் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். பிடி இன்னும் இறுகியது. பயந்துவிட்டானோ என்று அவள் விமானத்தை நேராக்கப் போனாள்.

"ஏட்டி! ஏட்டி, அங்க பாரு!" என்று கூவினான். "பைப்பு!"

தொழிற்பேட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய பைப். வயலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, ரயில் பாதைக்கு அடியில் புகுந்து எழுந்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெயிலில் மின்னிக்கொண்டு போனது. "ஆத்துலருந்து அங்க வரைக்கும் ஒரே லைனு! கீழ நின்னா நமக்கு ஒரு துண்டுதானட்டி தெரியும். எவ்வளவு சுத்தமா போட்டிருக்கான் பாரு! அந்த வளைவைப் பாரேன்! அது எங்க போவுது? அந்தப் பக்கம் திருப்பு. இன்னும் கொஞ்சம் சாய்ச்சுக்கோ, எனக்குத் தெரியல!"

முழங்கையிலிருந்து அவன் கை எப்போது விலகியது என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அது என்ன, இது என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஸ்பேனர், டார்ச் எல்லாம் காலடியில் கிடந்தன. ஜோசபின் சிரித்தாள், கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். பைப்பின் கூடவே விமானத்தைத் திருப்பினாள்.

எண்ணெய் ஊசியை இப்போது அவள் ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.